ஆபீசருக்காக ஜோடித்த வீடு

நாற்பத்தைந்தைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியை வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் தலைமேல் கண்டுபிடிக்கும் வயதுக்கு வந்துவிட்டவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா, அப்ப அரிசிய கடையில வாங்க வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ரேஷன் அரிசி உலையில் கொதிக்கும்போது கோணியும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு வாசனை வருமே, அதை முகர்ந்து வளர்ந்தவர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் ரோட்டில், பஸ் ஸ்டாப்பை ஒட்டி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். போன வாரம் ஒரே தெருவிலிருந்து மூன்று பெண்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவிப் பணம் மூன்று பேருக்கும் நின்றுவிட்டது. மெசேஜில் ஒரே ஒரு வரி இருந்தது. தகுதி இல்லையாம். அதில் ஒருத்தி, கரும்பு வெட்டி நகமெல்லாம் கறுத்துப்போனவள், "தகுதின்னா இன்னாக்கா? நான் இன்னும் எவ்ளோ கம்மியாவணும்?" என்று கேட்டாள். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் தெருவில் பதினாறு வீடுகள், ரோட்டிலிருந்து திரும்பினால் முதல் வீடு எங்களுடையது. மேற்கே பார்த்தால் கல்வராயன்மலை நீலமாக நிற்கும். சொந்த நிலம் ஒருத்தருக்கும் கிடையாது. தை பிறந்தால் எங்கள் அப்பா மாதிரி ஆண்கள் எல்லாம் கரும்பு வெட்டுகிற செட்டோடு மணலூர்பேட்டைப் பக்கம் போய்விடுவார்கள். ஆற்றோரக் கரும்புக் கொல்லைகளிலேயே குடிசை போட்டுத் தங்கி, ஒரு கொல்லை முடிந்ததும் அடுத்த கொல்லைக்குப் போவார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிய விஷயம். வீட்டில் அம்மா, பத்தாவது படிக்கும் அக்கா, நான், இன்னும் பள்ளிக்கூடம் சேராத தம்பி.

தெருவுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அந்த வீட்டை ஜோடிப்பார்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். காலையிலேயே பொருட்கள் தானாக வந்து சேரும். தையல்கார அத்தை வீட்டிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு மேசை ஃபேன். டிராக்டர் ஓட்டுகிற மாமா வீட்டிலிருந்து, பக்கவாட்டில் இழுத்துச் சாத்தும் மரக் கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி. எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டிலிருந்து மயில் போட்ட போர்வையும் எவர்சில்வர் தம்ளர்களும். வந்தவர்கள் திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போனதும் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். அந்த டிவி எங்கள் தெருவில் ஐந்து கல்யாணங்களை முடித்துவைத்திருக்கிறது என்று மாமா பெருமையடித்துக்கொள்வார்.

தையல்கார அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. படுக்கையில் கிடந்த மாமனாரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் உட்கார அந்த நாற்காலிகள், மாமனாருக்குக் காற்று வரட்டும் என்று அந்த ஃபேன். வெட்டி மிஞ்சின துணியில் எனக்கு ரிப்பன் தைத்துத் தருவாள். ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் மஞ்சள். வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒரு ரிப்பன் கிடையாது.

தை முடிகிற சமயம். ஒரு நாள் கிராம ஆபீசுத் தலையாரி வந்து தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "நாளிக்கி ஆபீசர் வராரு. ரேஷன் கார்டப் பத்தி வூடு வூடா பாக்கப் போறாரு. பூட்டிக்கினு எங்கியும் போயிடாதீங்க."

கார்டுக்காக வீட்டில் எதைப் பார்ப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் மனதில் நின்றதெல்லாம், ஆபீசர் என்று ஒருத்தர் தெருவுக்குள் வருகிறார் என்பது மட்டும்தான். அதற்கு முன்னால் ஓட்டு லிஸ்ட் எழுத வந்தவர் முதல் வீடு என்று எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்தார். மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த டீச்சரும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டு எழுதினார். இவரும் அங்கேதான் உட்காருவார் என்று தெருப் பெண்கள் முடிவுகட்டினார்கள். "கிழிஞ்ச பாயில உக்கார வச்சா, டவுனுக்குப் போயி நம்ம தெருவப் பத்தி இன்னா பேசுவாரு?" என்றார் பெரியம்மா. அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டை ஜோடித்தார்கள்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் சில நாள் வரும். அம்மா சாணம் கரைத்துத் தரை மெழுகினாள். டிவி வந்து மரப்பெட்டிமேல் உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பல்புதான், பிளக் மாட்ட இடமே கிடையாது. டிவி ஓடாது என்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. ஃபேனை மட்டும் பல்பு மாட்டுகிற இடத்திலிருந்து ஒயர் இழுத்து மாமா ஓடவைத்துவிட்டார். கட்டில் இல்லாததால் மயில் போர்வையைக் கயிற்றில் திரைபோலத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் எங்கள் சாமான்களையெல்லாம் தள்ளினார்கள். நசுங்கின அலுமினியக் குண்டான், கிழிந்த பாய், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த தம்பியின் தூளி. என்னுடைய நோட்டும் அதற்குப் பின்னால் போனது. பழைய நோட்டுகளில் மிஞ்சின வெள்ளைத் தாள்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் சணல் கோத்து அம்மா எனக்கு நோட்டுத் தைத்துத் தருவாள். ஓரத்தில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஆபீசர் பார்த்தால் மானம் போகும் என்று அம்மாவே அதை எடுத்து ஒளித்துவைத்தாள். காட்ட வேண்டியதையெல்லாம் ஒளித்துவைத்தோம்.

ஆபீசர் வந்தார். நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக் கூடாது. வெயிலில் நடந்து வந்ததில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஃபேனுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு நிமிஷம் காற்று வாங்கினார். அம்மா பால் வாங்கிவைத்திருந்தாள். எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார். அம்மாவிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டார்.

"வூட்டுக்காரர் எங்கம்மா?"

"கரும்பு வெட்டப் போயிருக்காருங்க."

"எத்தினி பேரு?"

"அஞ்சு பேருங்க."

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். எழுதினார். டிவி உன்னுடையதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அம்மா வாயைத் திறந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. பிறகு மற்ற வீடுகளுக்குப் போனார். அங்கே நாற்காலியும் இல்லை, ஃபேனும் இல்லை, டிவியும் இல்லை, எல்லாம் எங்கள் வீட்டில் இருந்தது. அந்த வீடுகளில் எல்லாம் கிழிந்த பாய்தான் இருந்தது.

அடுத்த மாதம் அம்மாவோடு நான் ரேஷன் கடைக்குப் போனேன். கார்டைப் பார்த்த கடைக்காரர் ஒரு லிஸ்டைப் புரட்டினார். "இனிமே உனக்கு அரிசி இல்லம்மா. சர்க்கரை கார்டா மாத்திட்டாங்க. சர்க்கரைதான் ஜாஸ்தி போடுவோம்" என்றார்.

அம்மா புரியாமல் நின்றாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் தெருவிலேயே எங்களுக்கு மட்டும்தான் சர்க்கரை கார்டு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் தினமும் பாயசம் வைப்போம் என்றுகூட அளந்துவிட்டேன். அந்த மாதம் உண்மையிலேயே சர்க்கரை நிறைய இருந்தது. தம்பி உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே இருந்தான். நானும் நக்கினேன். நாலாம் நாள் அந்த இனிப்பு வாய்க்குப் பிடிக்காமல் போனது, சோறு வேண்டும் போலிருந்தது.

இருபது கிலோ அரிசி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் எங்கள் மாதம். மிச்ச நாட்களுக்குத்தான் வெளியே வாங்குவோம். அது நின்றதும் அம்மா முதலில் தன் சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு இரவுக்குக் கேழ்வரகுக் கூழ் என்று ஆனது. பிறகு கூழும் தண்ணீராக ஆனது. நானும் அக்காவும் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டோம். முட்டை போடுகிற நாளில் அக்கா அதைத் தின்னாமல் பாவாடை மடிப்பில் வைத்துத் தம்பிக்குக் கொண்டுவருவாள். அம்மா ரேஷன் அரிசிப் பானையை மாதாமாதம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் புது அரிசி கொட்டுவாள். அந்தப் பானை கவிழ்த்தபடியே கிடந்தது.

தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. எல்லோருக்கும் வருத்தம்தான். தையல்கார அத்தை தன் அரிசியில் இரண்டு படி கொண்டுவந்து கொடுத்தாள். மாமா வீட்டிலிருந்தும் கொஞ்சம் வந்தது. ஆனால் எத்தனை நாளைக்குக் கொடுப்பார்கள்? அவர்களுக்கும் அதே இருபது கிலோதானே.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உடம்பெல்லாம் கரும்பின் சோகை இலை அறுத்த கோடுகள். விஷயத்தைக் கேட்டதும் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்படியே தரையில் குந்திக்கொண்டார்.

"எரவல்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இன்னா?"

"அப்ப தெரியலியே. வூட்ல எதப் பாக்க வந்தாருன்னே தெரியலியே."

"இப்பப் போயி சொல்லு."

"சொன்னா, யாரோடதுன்னு கேப்பாங்க. அவங்க கார்டுல கை வைப்பாங்க. அந்தப் பொண்ணு மாமனார வச்சிக்கினு இன்னா பண்ணும்?"

அப்பா எழுந்தார். தலையாரியைப் பார்த்துக் கேட்கிறேன் என்று துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். பார்க்கலாம் என்று தலையாரி சொன்னதாக வந்து சொன்னார். மறுநாள் விடியும் முன்னே கொல்லைக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் போனாள். அவளுக்குப் படிப்பு இல்லை. மனு எழுத நான். அக்காவுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டதால் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. மத்தியானம்வரை நின்றோம். கடைசியில் ஒருத்தர் காதுகொடுத்துக் கேட்டார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. "சாமான் உன்னுது இல்லன்னா யாருதுன்னு பேரு போட்டு எழுதிக் குடும்மா. வந்து பாக்கறோம். அவங்க வூட்டுல இருந்துச்சுன்னா உனக்கு மாத்தித் தரோம்."

நான் தாளை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். மூன்று பேரின் பெயரும் எனக்கு எழுதத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எழுதாத."

"ஏம்மா?"

"எழுதாதன்னா எழுதாத."

பஸ்ஸில் வரும்போது நான் அவளோடு பேசவில்லை. எனக்குப் பசி. அதைவிடக் கோபம். யாரோ வீட்டு டிவிக்காக நாம் ஏன் கூழ் குடிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பத்து வயதில் எனக்கு அதற்குமேல் நியாயம் தெரியவில்லை.

அடுத்த வாரம் அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை. அவளே பையை ஆணியில் மாட்டிவிட்டு, செட்டுக்குப் போகிற டிராக்டரில் ஏறிவிட்டாள். வெட்டின கரும்பைக் கட்டாகக் கட்டுகிற வேலை. ஒரு வாய் குறையும், கூலியும் வரும். பத்து நாளில் வந்துவிடுகிறேன், பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து வந்தபோது அவள் கையைப் பார்த்தேன். சோகை அறுத்து விரல் இடுக்கெல்லாம் புண். அந்தக் கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்க முடியவில்லை. சிரித்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டு மறுபடியும் போய்விட்டாள். அரிசி வந்தால் அக்கா திரும்பி வந்துவிடுவாள், பரீட்சை எழுதிவிடுவாள் என்று எனக்குப் பட்டது. அதற்குக் குறுக்கே நிற்பது மூன்று பெயர்கள்தான்.

எழுதினேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்களே, அதே மாதிரி அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு எழுதினேன். டிவி இன்னாருடையது, நாற்காலியும் ஃபேனும் இன்னாருடையது, போர்வையும் தம்ளரும் இன்னாருடையது. எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. கீழே அம்மாவின் பெயர். கைநாட்டு வேண்டுமே. என் கட்டைவிரலில் பேனா மையைத் தடவி நானே வைத்தேன். தலையாரி தெருப் பக்கம் வந்தபோது ஓடிப்போய், "அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்று கையில் கொடுத்துவிட்டேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பங்குனி வெயிலில், முன்கூட்டிச் சொல்லாமல் ஆபீசர் வந்தார். அதே ஆள்தான். இந்த முறை எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போனார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா வீட்டில் போர்வையைப் பார்த்தார். தையல்கார அத்தை வீட்டில், மாமனார் தலைமாட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எழுதினார். வெளியே வந்தபோது தெருவே கூடி நின்றது.

மாமாதான் கேட்டார். "எங்க மூணு வூட்டுக்கு மட்டும் ஏன் சார் வரீங்க? யாரு சொன்னது?"

ஆபீசர் பையிலிருந்து தாளை எடுத்தார். எங்கள் அம்மாவைப் பார்த்து நீட்டினார். "உன் பேருலதாம்மா மனு வந்துருக்குது. நீ குடுத்ததுதான?"

நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளின் ஓரத்தில் இருந்த ஓட்டைகள், அவள் கோணி ஊசியால் குத்தின ஓட்டைகள். அவள் அதைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ஆமாங்க. நான்தான் குடுத்தேன்" என்றாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவும் ஏதாவது பேசியிருப்பாள். மாமா காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டார். தையல்கார அத்தை மட்டும், "ஏன்க்கா?" என்று கேட்டாள். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த மூன்று வீட்டுக்கும் அரிசி நின்றது. எங்களுக்கு வரவில்லை. மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே எங்கே என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா பரீட்சை எழுதவில்லை. அந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும் எழுதவில்லை. எங்கள் கார்டு மறுபடி அரிசி கார்டாக மாறி வந்தபோது அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். உண்மையில் அந்த மனுவால்தான் மாறியதா, வேறு ஏதாவது உத்தரவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடிபம்பில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் கொல்லைக் கிணற்றுக்கு நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தெருவில் வீட்டை ஜோடிக்கிற பழக்கமும் நின்றுபோனது. யாருக்கும் யார் பொருளையும் கொடுக்கத் தைரியம் இல்லை. தையல்கார அத்தையின் மாமனார் அடுத்த மழைக்குள் போய்ச் சேர்ந்தார். வயதானவர், வியாதிக்காரர், அரிசி இருந்திருந்தாலும் போயிருப்பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பப் பார்க்கிறேன். அவர் போனதும் அத்தை மெஷினை விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு எலவனாசூர்கோட்டைக்குப் போய்விட்டாள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வழக்கம்போல மிஞ்சின தாள்களை அடுக்கி எனக்கு நோட்டுத் தைத்துக் கொடுத்தாள். அவள் சாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பல முறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். அவள் உடனே சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவாள்.

இப்போது நான் நாள் முழுக்க விண்ணப்பம் போடுகிறேன். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என் விரல் நின்றுவிடுகிறது. "சீக்கிரம் அமுக்குக்கா, பஸ் போயிடும்" என்கிறார்கள்.

மெசேஜ் வந்த அந்தப் பெண்களுக்காக மறுமனுவைப் பற்றி விசாரிக்க நேற்று டவுனுக்குப் போயிருந்தேன். நேரில் வந்து பார்த்துத்தான் சொல்வார்களாம். எப்போது வருவார்கள் என்று தெரியாதாம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு வயதான அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் மஞ்சள் பை. நான்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டேன்.

"அத்தை."

அவளுக்குச் சந்தோஷம். என் கன்னத்தைத் தடவி முத்தம் கொடுத்தாள். எனக்கு எத்தனை பிள்ளைகள், அக்கா எப்படி இருக்கிறாள், தம்பி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா தவறி ஆறு வருஷம் ஆகிறது என்றதும் கண் கலங்கினாள்.

"ரொம்ப நல்ல பொம்பள உங்கம்மா. எங்க மாமனாருக்கு எத்தினி நாளு கஞ்சி வச்சிக் குடுத்துருக்குது தெரியுமா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "அது ஏன் அப்பிடிப் பண்ணுச்சு? இத்தினி வருசமா நெனச்சிக்கினே இருக்கேன், இன்னும் புரியல. உங்கிட்டயாவது எதுனா சொல்லுச்சா?"

எலவனாசூர்கோட்டை பஸ் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலைங்க அத்தை" என்றேன்.